எழுதிவைக்காதவர்கள் தந்த ஏடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசௌரி மாநிலத்தில் நான்சி குரூசன் என்னும் பெண்ணின் கல்லறைக் கல்லில் மூன்று நாள்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறந்தது 1957 சூலை 20; பிரிந்தது 1983 சனவரி 11; அமைதியுற்றது 1990 திசம்பர் 26. பிறப்புக்கு ஒன்றும் இறப்புக்கு ஒன்றுமாக இரண்டு நாள்களைப் பொறிப்பதே எங்கும் வழக்கம். பிரிந்த நாளுக்கும் அமைதியுற்ற நாளுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நின்ற அந்த இடைவெளிக்குச் சட்டத்திலும் மருத்துவத்திலும் பெயர் தேடி அலைந்த கதையே இங்குக் கூறப்படுவது.

இறுதிக் காலத்தில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை அறிவு தெளிவாயிருக்கும்போதே ஒருவர் எழுதிச் சாட்சிகள் முன் கையொப்பமிட்டு வைக்கும் ஆவணத்தை ஆங்கிலத்தில் ‘லிவிங் வில்’ என்பர். தமிழில் அதனை ‘வாழும் உயில்’ என வழங்கலாம். உயில் என்னும் சொல்லே ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லினின்று வந்து, நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களின் கையில் தமிழாகிவிட்ட ஒன்று. மற்ற உயில்கள், எழுதியவர் இறந்த பின்னரே வாய் திறக்கும். இதுவோ அவர் உயிரோடு இருக்கையில், ஆனால் பேச இயலாதவராய்க் கிடக்கையில், அவருக்காகப் பேசுவது. பெயரின் பொருத்தம் அதுதான்.

இவ்வாவணத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு முரண் பளிச்செனப் புலப்படும். இதற்கான சட்டங்களும் தீர்ப்புகளும் எவரெவர் பொருட்டுப் பிறந்தனவோ, அவருள் ஒருவரேனும் இத்தகைய ஏட்டை எழுதிவைத்தவர் அல்லர். பெரும்பாலோர் இருபத்தைந்து வயதை ஒட்டியவர்கள். எழுத வேண்டும் என்று எண்ணுவதற்கே காலம் வாய்க்காதவர்கள்.

பொறி வந்த காலம்

1952ஆம் ஆண்டு கோடையில் தென்மார்க்கின் தலைநகரான கோபனேகனை இளம்பிள்ளைவாதம் வாட்டியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் மடிந்தனர். அவ்வாண்டு ஆகத்து 27ஆம் நாள், மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக் குழியில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுடைய நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து, இரவு பகலாகப் பைகளை அமுக்கினர். மூச்சுத் தசை செயலிழந்தோரிடையே நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த இறப்பு சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. கைகள் செய்த பணியைப் பின்னர்ப் பொறிகள் ஏற்றன. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு பிறந்தது. 1960இல் அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவர்கள், மார்பைத் திறவாமலே மேலிருந்து அழுத்தி நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முறையை வெளியிட்டனர்.

இவை மனித குலத்துக்குக் கிடைத்த பெருங்கொடைகள் என்பதில் ஐயமில்லை. பல்லாயிரவர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். ஆயின் எழாதவர்களும் இருந்தனர். மூளை மீளாதபடி சிதைந்த பின்னும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னர் மூச்சு நின்றால் எல்லாம் நின்றது. எவரும் எதையும் தீர்மானிக்க வேண்டியிருந்ததில்லை. பொறி வந்த பிறகு, அதனை நிறுத்துவதா தொடர்வதா என்பது ஒரு மனிதரின் முடிவாயிற்று. அந்த மனிதர் யார்?

முதலில் இவ்வினாவை எழுப்பியோர் மருத்துவர்களே. மயக்க மருந்து வல்லுநர்கள் விடுத்த வினாக்களுக்கு 1957 நவம்பரில் விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நோயாளிக்கும் சுற்றத்தார்க்கும் தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிமுறைகளைக் கையாள வேண்டிய கடப்பாடு இல்லை என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் இந்த விடை, பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்துக்கு ஊன்றுகோலாய் அமையப்போவதை அப்போது எவரும் அறிந்திலர்.

சிகாகோ வழக்கறிஞர்

வாழும் உயில் என்னும் கருத்தை வடித்தவர் சிகாகோ நகர வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் (1908–1993). சட்டத்துக்குப் புறம்பாகச் சிறைப்பட்டோரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ஆட்கொணர்வு மனு உலகம் முழுமைக்கும் பொதுவாக வேண்டும் என்று பல பத்தாண்டுகள் வாதாடியவர் இவர். அடைபட்ட உடலை மீட்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே, பொறியில் பிணைபட்ட உடலைப் பற்றியும் சிந்தித்தார் என்பது இயல்பாகவே தோன்றுகிறது. 1967இல் அவர் இக்கருத்தை முன்வைத்தார். 1969இல் இந்தியானா சட்ட இதழில் விரிவாக எழுதினார்.

அவருடைய வாதம் எளியது. தெளிந்த அறிவுடைய முதியவர் ஒருவரை அவர் இசைவின்றி அறுவைக்கு உட்படுத்தலாகாது என்பது அமெரிக்கச் சட்டத்தில் முன்னரே நிலைபெற்ற நெறி. 1914இல் நியூயார்க்கில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதனைத் தெளிவுறுத்தியிருந்தார். ஆனால் நோயாளி நினைவிழந்துவிட்டால், அவர் எல்லாச் சிகிச்சைக்கும் இசைந்ததாகவே கொள்ளப்படும். நினைவோடிருப்பவருக்கு உள்ள மறுக்கும் உரிமை, நினைவு தப்பிய அந்த நொடியிலேயே பறிபோய்விடுகிறது. அவ்வாறாயின் நினைவுள்ளபோதே இசைவின் எல்லையை வரைந்துவைத்தால் என்ன? உடலை ஒரு சொத்தாகவும், நோயாளியையே அதனை ஒப்படைப்பவராகவும் அதன் பயனைத் துய்ப்பவராகவும், மருத்துவரையும் மருத்துவமனையையும் அறங்காவலராகவும் கொள்ளும் ஓர் ஒப்பந்தமாக அதனை அவர் உருவகித்தார். இரு சாட்சிகள் வேண்டும். நோட்டரி சான்றளிக்க வேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமாயினும் திரும்பப் பெறலாம். இந்தக் கூறுகள் யாவும் அரை நூற்றாண்டுக்குப் பின் இந்திய உச்ச நீதிமன்றத்தின் கட்டளையிலும் இடம்பெற்றன.

இதற்கு ‘உடல் அறக்கட்டளை’, ‘சிகிச்சை முடிப்பு அறிவிப்பு’ என வேறு பெயர்களையும் குட்னர் வழங்கிப் பார்த்தார். நிலைத்தது ‘லிவிங் வில்’ ஒன்றே. அதே 1967ஆம் ஆண்டில்தான் இலண்டனில் சிசிலி சாண்டர்சு அம்மையார், குணப்படுத்த இயலாத நோயாளிகளின் நோவு தணிக்கும் செயின்ட் கிறிசுடோபர் இல்லத்தைத் திறந்தார். சிகிச்சையை நிறுத்துவதும் பராமரிப்பை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதை அந்த இல்லம் செயலாற் காட்டியது. இதனை மறந்து வாழும் உயிலைப் பேசுவோர் பாதியையே பேசுகின்றனர்.

குட்னரின் கருத்தையொட்டி அச்சிட்ட படிவங்கள் அமெரிக்காவில் பரவின. குடும்பத்தாரையும் மருத்துவரையும் சமயகுருவையும் வழக்கறிஞரையும் விளித்து எழுதப்பட்ட வேண்டுகோள்கள் அவை. சட்ட வலிமை எதுவும் அவற்றுக்கு இல்லை. 1968இல் புளோரிடா சட்டமன்றத்தில், மருத்துவராகவும் இருந்த உறுப்பினர் வால்ட்டர் சாக்கெட் கொணர்ந்த சட்ட முன்வரைவு தோற்றது. மீண்டும் கொணர்ந்தார், அதுவும் தோற்றது. வாதங்களால் அசையாத சட்டமன்றங்களை அசைத்தது ஓர் இளம்பெண்ணின் கட்டில்.

காரன் ஆன் குயின்லன்

1975 ஏப்பிரல் நடுவில் ஓரிரவு. நியூ செர்சி மாநிலத்தைச் சேர்ந்த காரன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண், மதுவும் மயக்க மாத்திரையும் உட்கொண்ட நிலையில் மூச்சு நின்று வீழ்ந்தார். மருத்துவர்கள் அவரைச் செயற்கைச் சுவாசப் பொறியில் இணைத்தனர். நினைவு திரும்பவில்லை. திரும்பாது என்பதும் தெளிவாயிற்று. பெற்றோர் யோசேப்பும் சூலியாவும் பக்தியுள்ள கத்தோலிக்கர். பொறியை அகற்றுவது பாவமாகுமோ என்று கலங்கிய அவர்களுக்குப் பங்குத் தந்தை தாமசு திரப்பாசோ 1957இன் திருத்தந்தை விடையை எடுத்துரைத்தார். பெற்றோர் இசைந்தனர், மருத்துவர்கள் இசையவில்லை. கொலைக் குற்றமாகுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தைப் பழிப்பதற்கில்லை. அன்று அவர்களைக் காக்கும் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. காரன் முன்னொருகால் தம் தோழியரிடமும் வீட்டாரிடமும், பொறிகளால் உயிர் நீட்டிக்கப்படுவதைத் தாம் விரும்பவில்லை என்று சொல்லியிருந்தார். அச்சொற்களை அன்னையும் தோழியரும் சாட்சியத்தில் கூறினர். 1975 நவம்பரில் நீதிபதி இராபர்ட் மூயர் வேண்டுகோளை மறுத்தார். 1976 மார்ச்சு 31இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி இரிச்சர்ட் இயூசு எழுதிய ஒருமனதான தீர்ப்பில், அந்தரங்க உரிமையின் அடிப்படையில் தந்தையே மகளுக்காக முடிவெடுக்கலாம் என்றது. ஆனால் காரன் சொன்ன சொற்களை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. நலமாயிருந்த காலத்தில், பிறர் துன்பத்தைப் பற்றிப் பேசுகையில், வாய்ப்பேச்சாகச் சொல்லப்பட்டவை ஆதலின் அவை போதிய சான்றாகா என ஒதுக்கியது. பெற்றோர் வென்றனர், காரனின் சொல் வெல்லவில்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேற்றுமை சட்டத்தின் தராசில் முதன்முதலாக நிறுக்கப்பட்ட இடம் இதுவே எனலாம்.

பின்னர் நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1976 மே மாதத்தில் பொறி சிறிது சிறிதாக விலக்கப்பட்டது. காரன் தாமே மூச்சுவிடத் தொடங்கினார். குழாய்வழி உணவூட்டப்பட்டு மேலும் ஒன்பது ஆண்டுகள் நினைவின்றியே வாழ்ந்து 1985 சூன் 11இல் இறந்தார். உணவுக் குழாயை அகற்றப் பெற்றோர் ஒருபோதும் கேட்கவில்லை. பொறி வேறு, உணவு வேறு என்பது அவர்களுடைய மனச்சான்று. மகளின் பெயரால் 1980இல் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றை அவர்கள் நிறுவினர்.

கலிபோர்னியாவின் பதினான்கு நாள்

குயின்லன் தீர்ப்பு வந்த அதே 1976இல் கலிபோர்னியா, ‘இயற்கை இறப்புச் சட்டம்’ என்னும் பெயரில் வாழும் உயிலுக்குச் சட்ட வலிமை தந்த முதல் மாநிலமாயிற்று. முன்வரைவைக் கொணர்ந்தவர் பாரி கீன். 1974இல் ஒருமுறை தோற்று மீண்டும் முயன்றவர். ஆளுநர் செர்ரி பிரவுன் கையொப்பமிட்டார்.

எதிர்ப்பாளர்களை அமைதிப்படுத்துவதற்காகச் சட்டத்தில் புகுத்தப்பட்ட காப்புகள் மிகப் பல. ஆவணம் ஐந்து ஆண்டுகளே செல்லும். உறவினரோ மருத்துவமனைப் பணியாளரோ சாட்சியாகக் கூடாது. இவற்றைக் காட்டிலும் விந்தையானது ஒன்று: நோய் தீராதது என்று உறுதிப்பட்டுப் பதினான்கு நாள்கள் கழிந்தபின் கையொப்பமிட்டால் மட்டுமே ஆவணம் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். தீராநோய் என்று அறிவிக்கப்பட்டு, பதினான்கு நாள் கடந்தும் பேனா பிடிக்கும் தெளிவோடு இருப்பவர் எத்தனை பேர்? எவருடைய கட்டில் நாட்டை உலுக்கியதோ அந்தக் காரனுக்கே இச்சட்டத்தால் பயனிருந்திராது. ஆயினும் கதவு திறந்துவிட்டது. 1977இல் மேலும் ஏழு மாநிலங்கள் இவ்வகைச் சட்டங்களை இயற்றின. பின்னர் வந்த சட்டங்கள் பலவற்றில் அந்தப் பதினான்கு நாள் விதி இடம்பெறவில்லை.

மூன்றாவது நாள்

நான்சி குரூசனின் கார் 1983 சனவரி 11 இரவு மிசௌரிச் சாலையொன்றில் புரண்டது. ஓடையில் முகங்குப்புறக் கிடந்தவரை மீட்டு மூச்சை மீட்பதற்குள் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் கழிந்துவிட்டன என்பது மருத்துவர் கணிப்பு. உயிர் இருந்தது, நான்சி இல்லை. அவருக்கு வயது 25. பொறி எதுவும் தேவைப்படவில்லை. வயிற்றிற் செருகிய குழாய்வழி உணவும் நீரும் மட்டுமே. குயின்லன் பெற்றோர் எந்தக் கோட்டில் நின்றார்களோ, அந்தக் கோட்டைக் கடக்க வேண்டிய இக்கட்டு நான்சியின் பெற்றோருக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே அவர்கள் குழாயை அகற்றுமாறு கேட்டனர்.

1988இல் விசாரணை நீதிபதி சார்லசு டீல் இசைந்தார். அதே ஆண்டு மிசௌரி உச்ச நீதிமன்றம் அதனைப் புரட்டியது. பாதியளவேனும் இயல்பாக வாழ இயலாதெனில் வாழ விரும்பவில்லை என்று நான்சி உடனுறைந்த தோழியிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதனை நம்பத்தகுந்த சான்றாக அம்மன்றம் ஏற்கவில்லை. வழக்கு வாசிங்டன் சென்றது. 1990 சூன் 25இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. வேண்டாச் சிகிச்சையை மறுக்கும் உரிமை அரசமைப்பின் பாதுகாப்புப் பெற்றது என்று கொண்டு, செயற்கை உணவூட்டலையும் சிகிச்சையாகவே வைத்து ஆராய்ந்தது. ஆனால் பேச இயலாதவரின் விருப்பம் இன்னதென்பதற்குத் தெளிவும் உறுதியும் வாய்ந்த சான்றைக் கேட்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. நான்சி எழுதிவைத்திருந்தால் அதுவே சான்று. எழுதவில்லை, ஆகவே பெற்றோர் தோற்றனர்.

தோல்வி நாளேடுகளில் வெளிவந்ததால் வேறொன்று நிகழ்ந்தது. நான்சியோடு முன்னர்ப் பணியாற்றிய சிலர் அவரை மணப்பெயரால் நான்சி டேவிசு என்றே அறிந்திருந்தனர். குரூசன் வழக்கு என்று நாடெங்கும் பேசப்பட்டது தங்கள் தோழியைப் பற்றியது என அவர்கள் உணர்ந்ததே அப்போதுதான். அவர்கள் முன்வந்து, இத்தகைய வாழ்வை நான்சி விரும்பாமற் சொன்னதைச் சாட்சியமாக்கினர். திசம்பர் 14இல் நீதிபதி டீல் மீண்டும் இசைவளித்தார். குழாய் அகற்றப்பட்டுப் பன்னிரண்டு நாள்களில் நான்சி இறந்தார். ஒரு பெயர் மாற்றத்தால் உண்மை வெளிவரக் காலந்தாழ்ந்தது. ஒரு தாளில் நான்கு வரி இருந்திருப்பின் அந்தத் தேடலே வேண்டியிருந்திராது. கல்லறைக் கல்லில் மூன்று நாள்களுக்கு மேலே மூளை அலைப் பதிவைப் போன்ற ஒரு கோடு ‘நன்றி’ என்னும் ஆங்கிலச் சொல்லாய் வளைந்தோடிப் பின் நேர்கோடாய்ப் படுத்துவிடுகிறது.

அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே மிசௌரியின் செனட்டர் சான் டான்ஃபோர்த் கொணர்ந்த நோயாளி தன்னுரிமைச் சட்டம் 1990 நவம்பரில் நிறைவேறி 1991 திசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அரசின் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனை எதுவும், சேரவரும் நோயாளியிடம் இவ்வகை ஆவணம் உண்டா என்று கேட்டாக வேண்டும். உரிமையை எடுத்துரைக்கவும் வேண்டும்.

ஏடு இருந்தும்

எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பியோரின் நம்பிக்கை விரைவில் தளர்ந்தது. ஐந்து அமெரிக்க மருத்துவமனைகளில் கடுமையாக நோயுற்ற 9,105 பேரை ஆராய்ந்து 1995இல் வெளிவந்த ஆய்வு, இதயம் நின்றால் மீட்க வேண்டா என நோயாளி விரும்பியதை அறிந்திருந்த மருத்துவர் பாதிக்கும் குறைவு எனக் காட்டியது. ஏடு பேழையில் இருந்தது. மருத்துவர் கட்டிலருகில் இருந்தார். எழுதியவற்றிலும் ‘மீள வழியில்லாதபோது’, ‘வீர சாகசச் சிகிச்சை வேண்டா’ என்பன போன்ற மங்கலான தொடர்களே மிகுதி. நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரை முன்வைத்துக்கொண்டு எந்த மருத்துவர் இதற்கு உரை காண்பார்? ஆகவே, தமக்காகப் பேசும் ஒருவரை முன்னதாகவே அமர்த்திவைக்கும் முறை வலுப்பெற்றது. குரூசன் தீர்ப்பிலேயே நீதிபதி சாண்ட்ரா டே ஓக்கானர் அம்மையார் இதனைச் சுட்டியிருந்தார்.

அவ்வாறு எவரையும் அமர்த்தாத ஒரு வீட்டில் என்ன நேரும் என்பதை உலகமே பார்த்தது. புளோரிடாவின் டெர்ரி சைவோ 1990 பிப்பிரவரியில் தமது 26ஆம் வயதில் வீழ்ந்தார். மனைவி இதை விரும்பியிருக்கமாட்டாள் என்றார் கணவர். மகள் வாழ விரும்புவாள் என்றனர் பெற்றோர். உணவுக் குழாய் இருமுறை அகற்றப்பட்டு இருமுறை மீண்டும் செருகப்பட்டது. மாநில ஆளுநரும் நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவரும் தலையிட்டனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபட்டோர் சிலரும் எதிர்த்து நின்றனர். பிறர் துணையோடு வாழ்வது வாழத் தகாத வாழ்வு என்னும் எண்ணம் பரவினால் அது தம்மை எங்கே கொண்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். எளிதில் தள்ளத்தக்க அச்சமன்று அது. டெர்ரி 2005 மார்ச்சு 31இல் இறந்தார். குயின்லன் தீர்ப்பு வந்து சரியாக இருபத்தொன்பது ஆண்டு.

மும்பையில் ஒரு கட்டில்

இந்தியாவில் இதே வினாவை எழுப்பிய கட்டில் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் இருந்தது. அங்குச் செவிலியாய்ப் பணியாற்றிய அருணா சான்பாக், 1973 நவம்பர் 27இல் ஒரு பணியாளனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கழுத்து இறுக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்வளி செல்லவில்லை. அன்று முதல் 2015 மே 18 வரை, நாற்பத்தோராண்டுக்கும் மேலாக, அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி, உணவூட்டலை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். கட்டிலருகே தலைமுறை தலைமுறையாக நின்ற செவிலியர் அதற்கு இசையவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருடைய முதுகில் படுக்கைப்புண் வந்ததில்லை என்று தீர்ப்பே வியந்து பதிவு செய்திருக்கிறது. படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியோரைப் பேணியவர்களுக்கு இந்த ஒரு வரியின் எடை தெரியும்.

2011 மார்ச்சு 7இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்சுவும் ஞான சுதா மிசுராவும் அளித்த தீர்ப்பு, அருணாவின் அணுக்கத் துணைவர் அச்செவிலியரே என்று கூறி விரானியின் வேண்டுகோளை மறுத்தது. கூடவே, உயர் நீதிமன்ற இசைவோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்னும் வழியையும் முதன்முதலாகத் திறந்தது. நாளேடுகள் இதற்குக் ‘கருணைக் கொலை’ எனத் தலைப்பிட்டன. கொலை என்னும் சொல்லை உடன்கொண்ட ஒரு பெயரால் இதனை அழைத்தது, தமிழிற் பேச வேண்டிய பேச்சையே தொடங்கவிடாமற் செய்துவிட்டது. நச்சு ஊசியிட்டு உயிர் பறிப்பது வேறு. பயன்தராத பொறியை விலக்கி நோயைத் தன் போக்கில் விடுவது வேறு. முன்னது இந்தியச் சட்டத்தில் குற்றமே.

ஐவர் தீர்ப்பும் அதன் திருத்தமும்

அருணா வழக்குக்கு முன்னரே, 2005இல், ‘காமன் காசு’ என்னும் பொதுநல அமைப்பு வாழும் உயிலை ஏற்குமாறு உச்ச நீதிமன்றத்தை அணுகியிருந்தது. 2006இல் சட்ட ஆணையம் தன் 196ஆம் அறிக்கையில் இத்தகைய ஆவணங்கள் செல்லாதன என்றே பரிந்துரைத்தது. எழுத்தறிவும் செல்வமும் சமமாகப் பரவாத நாட்டில் முதியோரின் கையொப்பத்தைச் சுற்றத்தார் தவறாகப் பெறக்கூடும் என்னும் கவலை, பொதுவாக இங்கு எழுந்த எதிர்ப்புகளின் அடியில் இருந்தது. சொத்துக்காகக் கைநாட்டுப் பெற்ற கதை இல்லாத ஊர் நம்மிடையே உண்டா? அக்கவலைக்கு விடை சொல்லாமல் எந்தத் தீர்ப்பும் நகர இயலாது.

2018 மார்ச்சு 9இல் தலைமை நீதிபதி தீபக் மிசுரா தலைமையில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாண்போடு இறப்பது, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி. வாழும் உயில் செல்லும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை நீதிமன்றத்தின் நெறிமுறைகளே நிற்கும். ஆனால் முன்சொன்ன கவலைக்கு விடையாக அமைத்த காப்புகள், கலிபோர்னியாவின் பதினான்கு நாளையும் விஞ்சின. ஆவணத்தில் குற்றவியல் நடுவர் மேலொப்பமிட வேண்டும். வேளை வரும்போது, இருபதாண்டுப் பட்டறிவுடைய வல்லுநர்களைக் கொண்ட மருத்துவமனைக் குழு, பின் மாவட்ட ஆட்சியர் அமைக்கும் மற்றொரு குழு, அதன்பின் நடுவரே கட்டிலருகே வந்து பார்த்தல். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்று கழிவதன் செலவையும் நோவையும் அறிந்தோர்க்கு இப்படிகள் எவ்வாறு தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உரிமை ஏட்டில் இருந்தது, வழி இல்லை.

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. 2023 சனவரி 24இல் நீதிபதி கே.எம். சோசப் தலைமையிலான அமர்வு நெறிகளைத் தளர்த்தியது. நடுவருக்குப் பதில் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தாற் போதும். இரு சாட்சிகள் வேண்டும். தமக்காகப் பேசுவோராக ஒன்றுக்கு மேற்பட்டோரைக் குறிப்பிடலாம். இரு குழுக்களையும் மருத்துவமனையே அமைக்கலாம். வல்லுநர்க்கு ஐந்தாண்டுப் பட்டறிவு போதும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்தில் கருத்துரைக்க வேண்டும். நடுவருக்குத் தகவல் தெரிவித்தாற் போதும். ஆவணத்தின் படியொன்றை உள்ளாட்சி அலுவலர் ஒருவர் காக்க வேண்டும் என்றிருந்தது. அந்த அலுவலர் யார் என்பதே பல இடங்களில் தெரியாதிருந்தது. மகாராட்டிரத்தில் ஒரு பொதுநல வழக்குக்குப் பின்னரே அத்தகையோர் அமர்த்தப்பட்டனர். கோவாவில் 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எசு. சோனக் தம் ஆவணத்தை ஒப்படைத்து அம்மாநிலத்தில் முதல்வரானார். கருநாடக அரசு 2025 சனவரியில் இதற்கான ஆணையை வெளியிட்டது.

சட்டம் வகுத்த வழி இதுவாயின், வீடுகளில் நடப்பது வேறு. நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதத் தயங்காத குடும்பத்தில், இந்தப் பேச்சை எடுத்தால் ‘வாயில் நல்ல வார்த்தை வரட்டும்’ என்று அடக்கிவிடுவர். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைப்பது பாசமெனக் கருதப்படுகிறது. கடைசியில் மருத்துவர் கைவிரித்தபின், மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திட்டு, மூச்சு ஊசலாடும் தாயையோ தந்தையையோ வண்டியில் ஏற்றி வீடு கொண்டுசேர்க்கும் பிள்ளைகள் பலர். அந்தக் கையெழுத்தும் ஒரு முடிவுதான். அதனை எடுத்தவர் நோயாளி அல்லர். நோவு தணிக்கும் மருந்தும் அந்த வண்டியில் உடன் வருவதில்லை.

ஆவணம் எழுதப் பதினெட்டு வயதும் தெளிந்த அறிவும் போதும். எழுதியதை எப்போது வேண்டுமாயினும் எழுத்துமூலம் மாற்றலாம், விலக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பின் இறுதியாகக் கையொப்பமிட்டதே செல்லும். எழுதியவர் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் வரை மருத்துவர் அத்தாளைப் பார்க்க வேண்டியதில்லை. அவரிடமே கேட்க வேண்டும்.